நேற்று வரை டெய்லர், இன்று லைன் சூப்பர்வைசர்: முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்சாலைகளில் ஒரு லைனுக்கு, அதாவது ஒரு தையல் மெஷின் வரிசைக்கு, சூப்பர்வைசர் ஆகிறவர்கள் பலர் அதற்கென்று தனிப்பயிற்சி எதையும் பெற்று வருவதில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கும் வரை, துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த ஒருவரை, கை வேகமாக இருக்கிறது, தையல் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக, திங்கட்கிழமை காலையில் முப்பது பேருக்குப் பொறுப்பாக நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படி நிறுத்தப்பட்டவன்தான். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக, வேலைக்குச் சேர்ந்து, டெய்லராகி, பிறகு லைனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வந்தபோது, என் கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தார்களே தவிர, அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்று எனக்குக் கிடைத்திருக்க வேண்டியதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டெய்லருடைய வேலை மெஷினில் நடக்கிறது. சூப்பர்வைசருடைய வேலை ஒரு மெஷினுக்கும் அடுத்த மெஷினுக்கும் இடையில் நடக்கிறது. ஒரு பனியன் தோள் தையலில் தொடங்கி, கழுத்துப்பட்டி, கை, பக்கத் தையல், அடிமடிப்பு என்று கை மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொருவரும் நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்களாக இருந்தும், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் துணியும் செய்தியும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றால் லைன் நின்றுவிடும். அந்தப் போக்குவரத்தைச் சீராக வைத்திருப்பதே நீங்கள் வாங்கும் சம்பளத்துக்கான வேலை.

இந்தச் சிக்கல் திருப்பூரில் பிறந்ததும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், போருக்கான உற்பத்தி பெருகி, அனுபவமில்லாத ஆட்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்தபோது, அவர்களை நடத்தத் தெரிந்த மேற்பார்வையாளர்கள் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் போதவில்லை. 1940 முதல் 1945 வரை அந்நாட்டு அரசு, தொழிலகத்துக்குள்ளேயே கொடுக்கும் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தியது. வேலையைச் சொல்லிக்கொடுப்பது, ஆட்களோடு பழகுவது, வேலைமுறையைச் சீர்செய்வது என்று மூன்று பாடங்கள்; ஒவ்வொன்றுக்கும் பத்து மணி நேரம். போருக்குப் பிறகு அத்திட்டம் ஜப்பானுக்குப் போய், டொயோட்டா நிறுவனத்தின் பயிற்சிமுறைக்கு அடிப்படைகளில் ஒன்றாயிற்று. கீழே சொல்லப்போகும் படிகளில் இரண்டு அந்தப் பாடங்களிலிருந்து வந்தவை. மற்றவை லைனில் நின்று கற்றவை.

முதல் படி: முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், பாருங்கள்

புதிதாகப் பொறுப்புக்கு வந்தவருக்கு முதல் நாளே ஏதாவது மாற்றிக் காட்ட வேண்டும் என்ற துடிப்பு இருக்கும். அதை ஒரு வாரம் அடக்கி வையுங்கள். நோட்டில் ஒருவருக்கு ஒரு பக்கம் என்று முப்பது பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அவருடைய பெயர், இப்போது செய்யும் வேலை, அதைத் தவிர வேறு என்னென்ன வேலை தெரியும், எந்த மெஷின்களில் உட்காருவார், எங்கிருந்து வருகிறார், எந்தப் பஸ்ஸில் வருகிறார் என்பவற்றைக் கேட்டு எழுதுங்கள். ஓவர்லாக் மட்டும்தான் ஓட்டுவார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அடிமடிப்புத் தைக்கும் பேட்லாக் மெஷினும் தெரியும் என்பது இப்படிக் கேட்டால்தான் வெளியே வரும். ஒரு ஆள் வராத நாளில் உங்களைக் காப்பாற்றப்போவது இந்தப் பக்கங்கள்தான்.

ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மெஷினில் உங்களுக்குத் தினமும் தொந்தரவாக இருப்பது எது?" பதில்கள் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். ஸ்டூல் ஆடுகிறது, நூல்கண்டு நிற்கும் கம்பி வளைந்திருக்கிறது, ட்யூப்லைட் வெளிச்சம் சரியாக ஊசியின்மேல் விழவில்லை, வெட்டிய துணிக் கட்டான பண்டலை எடுக்க ஒவ்வொரு முறையும் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. வேலைமுறையில் கைவைக்காமலேயே, இவற்றில் மூன்றையாவது அந்த வாரத்துக்குள் சரிசெய்துவிடுங்கள். கேட்டால் நடக்கிறது என்று லைன் நம்பத் தொடங்குவது அங்கேதான்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று எந்த லைனிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை 'பாய்' என்றோ 'ஹிந்திக்காரர்' என்றோ மொத்தமாக அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஒருவருடைய பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாத சூப்பர்வைசரிடம் அவர் எந்தப் பிரச்சினையையும் சொல்ல வரமாட்டார். பெயரை அவர் உச்சரிக்கிறபடி உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வேலைக்கு வேண்டிய இருபது இந்திச் சொற்களையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: காலையில் ஐந்து நிமிடம்

மெஷின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன் எல்லோரையும் ஐந்து நிமிடம் ஒன்றாக நிறுத்துங்கள். இன்று எந்த ஸ்டைல், எத்தனை பீஸ், நேற்றிலிருந்து என்ன மாறியிருக்கிறது, நேற்று எந்தக் குறை அதிகமாக வந்தது என்ற நான்கும் போதும். குறையைச் சொல்லும்போது யாருடைய பெயரையும் சொல்லாதீர்கள். ஒப்புதல் வாங்கிய சாம்பிள் பீஸை லைனின் தொடக்கத்தில் எல்லோர் கைக்கும் எட்டும்படி தொங்கவிடுங்கள். அலமாரிக்குள் பூட்டி வைத்த சாம்பிளால் பயன் இல்லை. மொழி புரியாதவர்களுக்கு அந்தப் பீஸையே கையில் கொடுத்து, மாறியிருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

இந்த ஐந்து நிமிடத்தை ஓட்டம் அவசரம் என்று விட்டுவிடச் சொல்லும் மேனேஜர்கள் உண்டு. அளவு மாறியதைச் சொல்லாமல் விட்டதால் ஒரு மணி நேரம் பிரித்துத் தைக்க நேர்ந்த ஒரு நாளைக் கணக்குப் போட்டுக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள்.

மூன்றாம் படி: வேகமில்லாத ஆளைத் தேடாதீர்கள், நெரிசலான இடத்தைத் தேடுங்கள்

புதிய சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எண்ணிக்கை குறைந்தால் உடனே யார் மெதுவாகத் தைக்கிறார்கள் என்று பார்த்து, அவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது வழக்கம். ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்றால் அவர் கை நடுங்குமே தவிர வேகம் கூடாது.

கணக்குப் புரிவதற்காக ஒரு வட்டக் கழுத்துப் பனியனை எடுத்துக்கொள்வோம். தோள் தையலுக்கு 20 விநாடி, கழுத்துப்பட்டி வைக்க 40, கை வைக்க 45, பக்கத் தையலுக்கு 50, அடிமடிப்புக்கு 35 விநாடி ஆகிறது என்றும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெஷின் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடி. தோள் தைப்பவரால் மணிக்கு 180 பீஸ் தைக்க முடியும்; பக்கத் தையல்காரரால் 72 பீஸ்தான் முடியும். அப்படியானால் அந்த லைன் மணிக்கு 72 பீஸ்தான் கொடுக்கும். தோள் தைப்பவரை எவ்வளவு விரட்டினாலும் பண்டல்கள் நடுவில் மலைபோல் குவியுமே தவிர, வெளியே ஒரு பீஸ்கூடக் கூடுதலாக வராது.

இப்போது பக்கத் தையலுக்கு இன்னொரு மெஷின் போடுகிறீர்கள். எண்ணிக்கை இரட்டிப்பாகும் என்று எதிர்பார்ப்போம், ஆகாது. அடுத்த நெரிசல் 45 விநாடி எடுக்கும் கை வைக்கும் இடத்துக்கு நகர்ந்துவிடும். மணிக்கு 80 பீஸ் வரும், அவ்வளவுதான். அங்கேயும் ஒரு மெஷின் கூட்டினால், 40 விநாடி எடுக்கும் கழுத்துப்பட்டியில் போய் நிற்கும், மணிக்கு 90. அந்த நிலையில் தோள் தைப்பவருக்கு 90 பீஸுக்கு 1,800 விநாடி, அதாவது அரை மணி நேரம்தான் தேவைப்படுகிறது. மீதி அரை மணி நேரத்தில் கழுத்துப்பட்டியை வளையமாக இணைத்துக் கொடுக்கவோ, அதை நான்காகப் பிரிக்கும் குவாட்டர் குறி வைத்துக் கொடுக்கவோ அவரைக் கேட்கலாம். கழுத்துப்பட்டி வைப்பவரின் 40 விநாடி அதனால் குறையும். யாரையும் திட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டும் வழி இது.

ஆகவே தினமும் இரண்டு முறை, காலை டீ நேரத்துக்கு முன்பும் மதியச் சாப்பாட்டுக்குப் பின்பும், லைனின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, எந்த மெஷினுக்கு முன்னால் பண்டல் குவிந்திருக்கிறது, எந்த மெஷினில் ஆள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார் என்பதை மட்டும் பாருங்கள். குவிந்திருக்கும் இடத்தில் நிற்பவர் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மன் 1913இல் வெளியிட்ட ஆய்வில், கயிறு இழுக்கும் குழுவில் ஆட்கள் கூடக்கூட, தலைக்கு இழுக்கும் விசை குறைந்துகொண்டே போனதைக் காட்டினார். பலரும் இதை வைத்துக்கொண்டு 'கூட்டத்தில் எல்லோரும் ஏமாற்றுவார்கள்' என்று பேசுகிறார்கள். ஆனால் ஒரே நேரத்தில் ஒரே திசையில் இழுக்க முடியாமல் போகும் ஒருங்கிணைப்புக் குறைவுதான் முக்கியக் காரணம் என்பதே ரிங்கல்மனின் கருத்து. முனைப்புக் குறைவுக்கும் அதில் பங்கு உண்டு என்பதைப் பின்னால் வந்த சோதனைகள் காட்டின. இரண்டில் எதை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஒருங்கிணைப்பைத்தான் சொல்வேன், ஏனென்றால் அது உங்கள் பொறுப்பு.

மணிக்கணக்குப் பலகையை லைனின் கடைசியில் வையுங்கள். அதில் லைனின் மொத்த எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும். தனி ஆளின் எண்ணிக்கை உங்கள் நோட்டோடு நிற்கட்டும்.

நான்காம் படி: சொல்லிக்கொடுக்கும் முறை

"பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்" என்று ஒரு புதியவரை அனுபவசாலி பக்கத்தில் உட்கார வைப்பதைத்தான் நாம் பயிற்சி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். வேகமாகத் தைப்பவரின் கையைப் பார்த்து ஒன்றும் புரியாது. அவருக்கே தன் கை என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாது. மேலே சொன்ன அமெரிக்கப் பயிற்சியில் இதற்கு நான்கு கட்டங்கள் வகுத்திருந்தார்கள்: கற்பவரைத் தயார்செய்வது, செய்து காட்டுவது, அவரைச் செய்ய வைத்துப் பார்ப்பது, பிறகு தொடர்ந்து கவனிப்பது.

கழுத்துப்பட்டி வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கற்க வந்த பெண்ணைப் பதற்றமில்லாமல் உட்கார வைத்து, இதற்கு முன் என்ன தைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு, முதல் முறை பேசாமல் மெதுவாகத் தைத்துக் காட்டுங்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு அசைவையும் சொல்லிக்கொண்டே தையுங்கள். மூன்றாம் முறை, கவனிக்க வேண்டிய புள்ளிகளைக் காரணத்தோடு சொல்லுங்கள். கழுத்துப்பட்டிக்கான ரிப் துணி வளையம் கழுத்துச் சுற்றளவைவிடச் சிறியது. அதனால் அதைத்தான் இழுக்க வேண்டும், உடம்புத் துணியை இழுக்கக்கூடாது, இழுத்தால் கழுத்து அலைபோல் நெளியும். நான்கு குறிகளுக்கும் இடையில் இழுவை ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் சுருங்கும். பிறகு அவரைத் தைக்கச் சொல்லுங்கள். தைத்து முடித்ததும், அடுத்த பீஸைத் தைக்கும்போது அந்தப் புள்ளிகளை அவர் வாயாலேயே காரணத்தோடு சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் இன்னும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பொருள். கடைசியாக, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு ஆளைக் காட்டிவிட்டு, முதல் நாள் அரை மணிக்கு ஒரு முறையும் அதன்பின் இடைவெளி விட்டும் போய்ப் பாருங்கள்.

ஒரு வேலையை இப்படிச் சொல்லிக்கொடுக்க இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தை மிச்சம்பிடித்த லைன்களில், தவறாகத் தைத்ததைத் திருத்தும் ஆல்ட்ரேஷன் மேசையில் துணி குவிந்து கிடப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஐந்தாம் படி: தவறை உடனே சொல்லத் துணியும் லைனை உருவாக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது என் தவறினால்.

சூப்பர்வைசர் ஆகி இரண்டாம் மாதம். மெல்லிய சிங்கிள் ஜெர்சித் துணியில் பனியன் ஓடிக்கொண்டிருந்தது. மாலை நான்கு மணிக்குச் செக்கிங்கிலிருந்து ஒரு அக்கா பீஸ் ஒன்றை எடுத்து வந்து, கை வைத்த தையலை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே காட்டினார். தையலை ஒட்டி வரிசையாக ஊசிமுனை அளவு ஓட்டைகள். முனை மழுங்கிய ஊசி நூலை விலக்கிக்கொண்டு இறங்காமல் துணியின் பின்னல் கண்ணியை அறுத்துவிட்டிருந்தது. அறுந்த கண்ணி மடிப்பில் தெரியாது. ஒரு தடவை துவைத்தால் ஓட்டையாக விரிந்துவிடும். ஏறக்குறைய 400 பீஸ் அந்த மெஷினைத் தாண்டிப் போயிருந்தது. மாற்றியிருக்க வேண்டியது சில ரூபாய் பெறும் ஓர் ஊசி.

அந்த மெஷினில் இருந்தவரிடம் போய்க் கேட்டேன். காலை பத்தரை மணிக்கே துணியில் 'டிக் டிக்' என்று சத்தம் மாறியது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "அப்பவே ஏன் சொல்லலை?" என்றேன். அவர் குனிந்தபடியே சொன்னார்: "நேத்து மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னதுக்கே, உனக்கு மட்டுந்தான் தினமும் மெஷின் ரிப்பேராகுமான்னு கேட்டீங்களேண்ணா. அதாங்க சொல்லலை." முந்தின நாள் நான் அப்படிக் கேட்டது எனக்கு நினைவில்கூட இல்லை. அவருக்கு இருந்தது. சுற்றியிருந்த ஆறு பேருக்கும் இருந்தது.

எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அவற்றில்தான் தவறுகள் அதிகமாக இருந்தன. உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் அந்த வார்டுகளில் செவிலியர்கள் தவறை மறைக்காமல் பேசினார்கள் என்பதும், மற்ற வார்டுகளில் பயந்து மறைத்தார்கள் என்பதும் புலப்பட்டது. பின்னர் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, பேசினால் அவமானப்பட நேராது என்ற நம்பிக்கை உள்ள குழுக்களே அதிகம் கற்றுக்கொள்கின்றன, நன்றாக வேலை செய்கின்றன என்று 1999இல் எழுதினார். நம் லைனுக்கு இதன் பொருள் நேரடியானது. உங்களிடம் எந்தக் குறையும் வந்து சேரவில்லை என்றால் மகிழ்ச்சியடைய வேண்டாம், கவலைப்படுங்கள்.

ஜவுளித்துறைக்கு இது அந்நியமான எண்ணமும் இல்லை. சகிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, ஓர் இழை அறுந்தால் தானாகவே நின்றுவிடும். குறையுள்ள துணியை நெய்துகொண்டே போவதைவிடத் தறி நிற்பது மேல் என்ற அந்த எண்ணம்தான் பிற்காலத்தில் அவருடைய குடும்பம் தொடங்கிய கார் தொழிற்சாலைக்குப் போய், குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தீராவிட்டால் ஓட்டத்தையே நிறுத்தலாம் என்ற ஏற்பாடாக வளர்ந்தது.

நம் லைனில் கயிறு கட்ட வேண்டியதில்லை. இவற்றைச் செய்தால் போதும். மெஷின் சத்தமோ தையலோ மாறினால் உடனே கையைத் தூக்குங்கள் என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். கை தூக்கியவரிடம் நீங்கள் நடந்து போக வேண்டும், அங்கிருந்தே "என்ன?" என்று கத்தக்கூடாது. போய் நின்றதும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல் "நல்லவேளை சொன்னீங்க" என்பதாக இருக்கட்டும், அது தவறான எச்சரிக்கையாகவே இருந்தாலும். நீங்கள் முகம் சுளித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும், அதைத் திரும்பத் தொடங்க வைக்கப் பல வாரங்கள் பிடிக்கும். பிறகு, அடுத்த நாள் காலைக் கூட்டத்தில், உங்கள் தவறு ஒன்றை நீங்களே முதலில் சொல்லுங்கள். அந்த 400 பீஸுக்கு மறுநாள் காலையில் முப்பது பேர் முன்னால் நின்று, நான் பேசிய ஒரு வார்த்தையால் இது நேர்ந்தது என்று சொன்னேன். சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அன்று மதியத்துக்குள் மூன்று பேர் கை தூக்கினார்கள்.

உடைந்த ஊசி விஷயத்தில் இது இன்னும் முக்கியம். ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டி, அதன் பிறகே புது ஊசி கொடுக்க வேண்டும் என்பது ஏற்றுமதித் தொழிற்சாலைகளின் நடைமுறை. ஒரு குழந்தையின் சட்டைக்குள் ஊசித்துண்டு போய்விடக்கூடாது என்பதே காரணம். ஊசி உடைத்தவருக்கு அபராதமோ வசவோ கிடைக்கும் லைனில், உடைத்தவர் வீட்டிலிருந்து ஊசி கொண்டுவந்தாவது மாட்டிக்கொள்வார். துண்டு துணிக்குள் இருக்கும். ஆகவே ஊசி உடைந்ததற்காக ஒருபோதும் யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள்.

சில தொழிற்சாலைகளில் ஒவ்வொரு மெஷினிலும் ஏழு பீஸ் எடுத்துப் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை தொங்கவிடும் முறை இருக்கிறது. நல்ல முறைதான். சிவப்பு அட்டை தொங்கும் மெஷினுக்கு உதவி உடனே வருகிறது என்றால் அது நல்ல முறை. சிவப்பு அட்டை ஒருவரைக் காட்டிக்கொடுக்க மட்டும் பயன்படுகிறது என்றால், பீஸ் எடுக்க வரும் நேரத்துக்கு மட்டும் நன்றாகத் தைக்க எல்லோரும் கற்றுக்கொள்வார்கள்.

ஆறாம் படி: முடிவெடுக்கும் முன் விவரம் கேளுங்கள்

ஒரு நல்ல டெய்லர் மூன்று நாளாக அரை மணி நேரம் தாமதமாக வருகிறார். மேனேஜர் கேட்கிறார், உங்களுக்குக் கோபம் வருகிறது. அந்த அமெரிக்கப் பயிற்சியின் இரண்டாம் பாடம் இதற்குச் சொல்வதும் நான்கு கட்டங்களே: விவரங்களைத் திரட்டு, எடைபோட்டு முடிவுசெய், செயல்படு, விளைவைச் சரிபார். இவற்றில் முதலாவதைத்தான் நாம் தாண்டிவிடுகிறோம். தனியாக அழைத்து, "என்னாச்சுங்க, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். தொழிற்சாலை வண்டியின் தடம் மாறியிருக்கலாம். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் ஊருக்குப் போயிருக்கலாம். தடம் மாறியதை நீங்கள் பேசித் தீர்க்கலாம். மாமியார் விஷயத்தில், இரண்டு வாரத்துக்குத் தாமதமாக வந்து தாமதமாகப் போக அனுமதி கேட்டு வாங்கலாம். காரணமே இல்லாமல் தாமதமாக வருகிறார் என்றால், அதையும் தனியாகவே, தெளிவாக, எந்தத் தேதியிலிருந்து மாற வேண்டும் என்று சொல்லிவிடலாம். பாராட்டை நடுவில் நின்று சொல்லுங்கள், திருத்தத்தைத் தூணுக்குப் பின்னால் சொல்லுங்கள்.

புதிய ஆட்கள் சேர்ந்து இரண்டு மூன்று வாரத்தில் லைனில் சண்டை வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். குழுக்கள் ஒன்றுசேர்தல், மோதல், ஒழுங்குக்கு வருதல், செயல்படுதல் என்று நான்கு கட்டங்களைக் கடக்கின்றன என்று டக்மன் என்ற உளவியலாளர் 1965இல் எழுதினார். அவர் அலசியவை பெரும்பாலும் உளவியல் சிகிச்சைக் குழுக்கள் பற்றிய ஆய்வுகள் என்பதால் இதைத் தொழிற்சாலைக்கான நாட்காட்டியாகக் கொள்ளக்கூடாது. ஆனாலும் ஃபேனுக்கு அடியில் யார் உட்காருவது, சுலபமான பண்டலை யார் எடுப்பது என்ற சண்டைகளெல்லாம் பொதுவிதி இல்லாத இடத்தில்தான் முளைக்கின்றன. பண்டல் வரிசை எண்படிதான் எடுக்க வேண்டும் என்று ஒரு விதியை எல்லோரும் சேர்ந்து வகுத்துவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

ஏழாம் படி: பழைய நட்பும் புதிய பொறுப்பும்

நேற்று வரை ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் இன்று உங்கள் லைனில் இருக்கிறார்கள். தொடர்ந்து அவர்களோடு சாப்பிடுங்கள். ஆனால் விடுப்பு, சுலபமான வேலை, மிகைநேர வேலை ஆகிய மூன்றிலும் அவர்களுக்குத் தனிச்சலுகை கொடுக்காதீர்கள். விடுப்புக் கேட்ட தேதிகளை வரிசையாக எழுதி, முதலில் கேட்டவருக்கு முதலில் என்று வைத்துக்கொண்டால், ஏன் கொடுக்கவில்லை என்று யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது சட்டம். யாரையும் வற்புறுத்தி நிறுத்தவும் கூடாது. இருட்டிய பிறகு பெண்கள் வீடு திரும்ப வண்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஒன்றரை ஷிப்டுக்கு, அதாவது வழக்கமான நேரத்தைத் தாண்டி நிற்க, ஆள் கேட்க வேண்டும்.

பாலியல் தொல்லை பற்றிய புகார் வந்தால் நீங்கள் பஞ்சாயத்துச் செய்ய உட்காரக்கூடாது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமையில் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் இருப்பவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் சுவரில் ஒட்டியிருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். புகார் சொன்னவரை அங்கே அனுப்புவதும், அதனால் லைனில் அவருக்கு எந்தத் தொந்தரவும் வராமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கடமை.

எட்டாம் படி: மேலே பேசுங்கள்

சூப்பர்வைசர் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கிறவர். மேலேயிருந்து வரும் அழுத்தத்தை அப்படியே கீழே இறக்கிவிடுவது எளிது; அதற்கு ஒரு சூப்பர்வைசர் தேவையில்லை, ஒலிபெருக்கி போதும். மேனேஜர் மணிக்கு 120 பீஸ் கேட்கிறார், உங்கள் கணக்குப்படி 90தான் வரும் என்றால், முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடத்தில் நெரிசல், எத்தனை விநாடி, இன்னும் எத்தனை மெஷின் அல்லது எத்தனை ஆள் கிடைத்தால் எவ்வளவு தர முடியும் என்று தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பேசுங்கள். விநாடிக் கணக்கோடு வருகிறவரை யாரும் எளிதில் தட்டிக்கழிப்பதில்லை. அப்படியும் கேட்கவில்லை என்றால், லைனிடம் உண்மையைச் சொல்லுங்கள்: கேட்டிருக்கிறார்கள், நான் இப்படிச் சொல்லிப் பார்த்தேன், நம்மால் எவ்வளவு முடியுமோ பார்ப்போம். பொய் இலக்கைச் சொல்லி விரட்டினால் அடுத்த முறை உண்மையான இலக்கையும் நம்ப மாட்டார்கள்.

ஒன்பதாம் படி: மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு நாள் விடுப்பு எடுங்கள்

விடுப்பு எடுக்கும் முன், காலைக் கூட்டத்தை யார் நடத்துவது, கை தூக்கினால் யார் போய்ப் பார்ப்பது, ஊசிப் பதிவேடு யாரிடம் இருப்பது என்று மூன்று பேரிடம் மூன்று வேலையைக் கொடுத்துவிட்டுப் போங்கள். போன் செய்து விசாரிக்காதீர்கள். மறுநாள் காலையில் வந்ததும் யாரையும் கேள்வி கேட்பதற்கு முன் மணிக்கணக்குப் பலகையைப் பாருங்கள். எந்த மணியில் எண்ணிக்கை சரிந்திருக்கிறதோ, அந்த மணியில் என்ன நடந்தது என்று அந்த மூன்று பேரிடமும் கேளுங்கள். நூல் மாற்றத் தெரியாமல் நின்றிருக்கலாம். மெக்கானிக்கை அழைக்கத் தயங்கியிருக்கலாம். அடுத்த அளவு எது என்று முடிவெடுக்க ஆளில்லாமல் காத்திருந்திருக்கலாம். இத்தனை நாளும் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்த வேலை எது என்று அந்தப் பலகை காட்டிக்கொடுத்துவிடும். அதை உங்கள் நோட்டில் எழுதிக்கொண்டு, லைனில் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று பார்த்து, நான்காம் படியில் சொன்ன முறைப்படி அன்று மதியமே தொடங்குங்கள்.